காட்டுப்பன்றியும் துவக்கும்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளை என எந்தப் பக்கத்துத் தோட்டத்திற்குச் சென்றாலும் நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியையும் வற்றாளையையும் ஒரே இரவில் பன்றிக்கூட்டம் கிளறிப் போட்டுவிடுகிறது. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் மொனறாகலைப் பக்கம் சோளமும் இவ்வாறே அழிகின்றன. "ஒரு துவக்கு இருந்தால் போதும்" என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா, யாருடைய கையில் என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் இல்லாமல் துவக்கைப் பற்றிப் பேசுவது ஆபத்தானது. இப்பாடத்தில் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பன்றியை அறிவோம்

காட்டுப்பன்றி பெரும்பாலும் இரவிலேயே இரை தேடும். பெண் பன்றி ஏறக்குறைய நான்கு மாதம் சினையாக இருந்து, ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் கவனிப்பாரற்றுப் போன தேயிலை மலைகள் பல, மானாப்புல்லும் பற்றையும் மண்டிப் பன்றிகளுக்கு உறைவிடமாகிவிட்டன. எனவே ஒரு பன்றியைச் சுடுவதால் மட்டும் தொல்லை தீராது. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் தடித்த கேடயம் போன்ற தோல் உண்டு. சிறு சன்னம் அதைத் துளைக்காது. காயப்பட்ட பன்றியோ மனிதரைத் தாக்கத் தயங்காது.

எந்தத் துவக்கு?

பயிர்ப் பாதுகாப்புக்கு நமது நாட்டில் வழக்கமாகப் பயன்படுவது 12 போர் சன்னத் துவக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவே இதன் குழாயின் உள்விட்டம். அது ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். ஒற்றைக்குழல் துவக்கு விலை குறைவு, பராமரிப்பதும் எளிது. இரட்டைக்குழல் துவக்கில் இரண்டாவது வெடி உடனே தயாராக இருக்கும். காயப்பட்ட பன்றியைத் தவிக்கவிடாமல் முடிக்க அது உதவும். ரைபிள் நமது மலைகளுக்குப் பொருந்தாது. அதன் குண்டு ஒரு மலையில் தவறினால் அடுத்த மலையில் போய் விழும்.

பழைய துவக்கு கைக்கு வந்தால் முதலில் தெரிந்த கம்மியர் ஒருவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பழைய துவக்குகள் சிலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீற்றர். அதில் 70 மில்லிமீற்றர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அழுத்தம் அதிகரித்து, சுடுபவருக்கே ஆபத்து நேரலாம்.

எந்தத் தோட்டா?

4ஆம் இலக்கத் தோட்டாவின் சன்னம் சுமார் 3 மில்லிமீற்றர். நூற்றுக்கு மேற்பட்ட சன்னங்கள் இருந்தாலும் அவை பறவைக்கும் முயலுக்கும் உரியவை. அவற்றால் பன்றியைச் சுடுவது, அதைக் காயப்படுத்திப் பற்றைக்குள் சாகவிடுவதாகும். எஸ்.ஜி. தோட்டாவில் சுமார் 8.4 மில்லிமீற்றர் பருமனுள்ள எட்டு ஒன்பது சன்னங்களே இருக்கும். பன்றிக்கு இதுவே ஏற்றது, ஆனால் 30 மீற்றருக்குள் மட்டும். அதற்கு அப்பால் சன்னங்கள் விரிந்து, ஒன்றிரண்டே பன்றியில் படும். தனிக்குண்டுத் தோட்டாவில் சுமார் 28 கிராம் நிறையுள்ள ஒரே குண்டு இருக்கும். நன்றாகக் குறிபார்க்கப் பழகியவருக்கே அது உதவும்.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப்பாதியில், பக்கவாட்டில் குறிவைப்பதே முறை. நேருக்கு நேர் வரும் பன்றியைச் சுடுவது பெரும்பாலும் வீணாகும். மலைப்பனியில் தோட்டா ஈரமாகாமல் மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். ஊறிப் பருத்த கடதாசித் தோட்டாவைப் பயன்படுத்தவே கூடாது.

குறிக்குப் பின்னால் என்ன?

எஸ்.ஜி. சன்னம் 30 மீற்றருக்குள்தான் பன்றியைக் கொல்லும் என்றாலும், தவறிய சன்னம் அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் பறக்கும். தனிக்குண்டு ஒரு கிலோமீற்றரையும் தாண்டும். அந்தத் தூரத்தில் லயம் இருக்கிறது, பிள்ளைமடுவம் இருக்கிறது, தண்ணீர்ப்பீலி இருக்கிறது. ஆகவே நமது மலைநாட்டில் தோட்டாவைத் தெரிவு செய்வதிலும் முக்கியமானது, அது போய் விழும் இடத்தைத் தெரிவு செய்வது. உயரமான காவற்பரணில் இருந்து கீழ்நோக்கியோ, மண்மேட்டை நோக்கியோ மாத்திரமே சுட வேண்டும். அசையும் பற்றையையும் சத்தத்தையும் நோக்கிச் சுடக்கூடாது. பன்றியை விளக்கு வெளிச்சத்தில் முழுமையாகக் கண்ட பின்னரே விசையில் விரல் வைக்க வேண்டும். காயப்பட்ட பன்றியை இரவில் தனியாகத் தேடிப் போகாமல், விடிந்த பின் பலராகச் செல்ல வேண்டும்.

கட்டுத்துவக்கும் கம்பிக் கண்ணியும்

துவக்கு வாங்க முடியாதவர்கள் நாடுவது கட்டுத்துவக்கு. அதற்குக் கண் இல்லை. பன்றி எது, விறகு பொறுக்க வந்த தாய் எது என்று அதற்குத் தெரியாது. கால் எலும்பு நொறுங்கி வைத்தியசாலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளரும் விவசாயிகளுமே. மின்கம்பியிலிருந்து நேரடியாகக் களவாக இழுத்த வேலியும் இத்தகையதே. கம்பிக் கண்ணியோ பன்றியோடு நிற்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. பன்றிக் குட்டிகளைத் தின்று தொகையைக் குறைக்கும் சிறுத்தையை நாமே அழித்தால் நட்டம் யாருக்கு?

அனுமதிப்பத்திரம் யாருக்கு?

துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதில் பெயருள்ளவர் அன்றி வேறொருவரிடம் துவக்கை இரவல் கொடுக்கக்கூடாது. விண்ணப்பிப்பவர் தமக்குப் பயிர்நிலம் உண்டு என்பதைக் காட்ட வேண்டும். இங்கேதான் நம் மக்களின் சிக்கல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்து, பின்புறத்துத் துண்டு நிலத்தில் பயிரிடும் குடும்பத்திற்கு அந்த நிலத்தின் உறுதி இல்லை. எனவே சட்டப்படியான துவக்கு நிலமுள்ளவருக்கும், கட்டுத்துவக்கின் ஆபத்து நிலமற்றவருக்கும் என்றாகிவிடுகிறது. காணி உரிமைக்கான கோரிக்கையில் பயிர்ப் பாதுகாப்பும் அடங்கியிருப்பதை நாம் உணர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

துவக்கு கடைசி வழி. அதற்கு முன் செய்ய வேண்டியவை பல. தோட்டத்தைச் சுற்றியுள்ள பற்றையை வெட்டித் துப்புரவாக்கலாம். கம்பிவலை அடிக்கும்போது அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும், ஏனெனில் பன்றி வேலிக்குக் கீழால்தான் நுழையும். சூரிய சக்தி வேலியின் விட்டுவிட்டு வரும் மின்னதிர்ச்சி விரட்டுமே தவிர, முறையாக அமைத்தால் கொல்லாது. செலவு அதிகமென்பதால் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வேலிக்குள் பயிரிடுவது நல்லது. சோளம் பால்பிடிக்கும் நாட்களிலும் கிழங்கு முற்றும் நாட்களிலும் முறைவைத்துக் காவல் காக்கலாம். அப்படியும் தொல்லை தொடர்ந்தால், அனுமதிப்பத்திரமுள்ள, மதுவைத் தொடாத, பொறுப்புள்ள ஒருவரை அழைக்கலாம். எந்த இரவில், எந்த இடத்தில் சுடுவார் என்பதை முன்கூட்டியே எல்லா லயங்களுக்கும் அறிவித்துவிட வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் தோட்டத்தில் பன்றி வரும் வழிகள் எவை? அவ்வழிகளில் மக்கள் எந்த நேரத்தில் நடமாடுகிறார்கள்?
2. கட்டுத்துவக்கோ கண்ணியோ வைக்கப்பட்டிருப்பது தெரிந்தும் நாம் மௌனமாக இருப்பது ஏன்?
3. கூட்டு வேலி அமைக்க எந்தக் குடும்பங்கள் ஒன்றுசேரலாம்? நிலத்துக்காகத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் யார் பேசுவது?