அப்புவைக் கேட்டுச் செய்யுங்கள்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். சிலருக்குக் காலில்லை, சிலருக்குப் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காது. அவர்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறோம். சில கிழமைகளில் அப்பு பேச்சைக் குறைத்துவிடுகிறார். "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

முதியவர்களின் மனச்சோர்வு பலவேளை அழுகையாக வெளிப்படாது. நாரி உளைவு, பசியின்மை, விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு, மறதி, எரிச்சல் என்றே தெரியவரும். இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இது மாற்றக்கூடிய நோய்.

"நான் இவர்களுக்குப் பாரம்" என்ற எண்ணம் இந்த நோயோடு ஒட்டிக்கொண்டே வரும். அன்பினால் நாம் செய்பவையே சிலவேளை அதை வளர்க்கின்றன. நாம் நினைத்த நேரத்தில் குளிக்க வார்க்கிறோம். சோற்றைக் குழைத்து ஊட்டுகிறோம். கட்டிலை எங்கே போடுவதென்றும் நாமே முடிவெடுக்கிறோம். கால் இயலாதவருக்கு வாயும் இயலாது என்று நினைத்துவிட்டோமோ?

குளிப்பு காலையா மாலையா, யார் வார்ப்பது என்பதை அவரே சொல்லட்டும். ஆச்சிக்கு மகன் உதவுவதா பேத்தி உதவுவதா என்பது சின்ன விடயமல்ல. உதவிக்கு அயலில் ஒருவரை வைத்தால், வேலையை விளக்குவதும் கூலியைக் கையில் கொடுப்பதும் முதியவராகவே இருக்கட்டும். முதியோர் கொடுப்பனவு அவருடைய பணம். வளவின் எல்லையும் பழைய கிணறும் எங்கிருந்தன என்று அவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. (சக்கர நாற்காலியைக் கண்ணிவெடி அகற்றப்பட்ட பாதையில் மட்டும் தள்ளுங்கள்.)

வீடு கட்டுவோர் அத்திவாரம் போடுமுன்பே அவரோடு பேசுங்கள். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கதிரைபோல் இருக்கக்கூடிய மலசலகூடமும் பிடிகம்பியும் இருந்தால் பல வேளைகளில் அவருக்கு மற்றவர் துணை தேவைப்படாது.

மனச்சோர்வு கூடியவர் "எதுவென்றாலும் சரி" என்றுதான் சொல்வார். அப்போது இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: கஞ்சியா, இடியப்பமா? அவர் விருப்பம் என்று சொல்லித் தனியே விட்டுவிடுவது பராமரிப்பல்ல.

சாப்பிட மறுத்தாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ தாமதிக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தெல்லிப்பழை வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேலைசெய்யச் சில கிழமைகள் செல்லும். குணம் தெரியவில்லையென்று இடையில் நிறுத்தாமல், வைத்தியரைக் கேளுங்கள்.