ஓட்டின் மேற்பரப்பை அளக்கும் முறை

2007 ஜனவரி 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 12 நாட்கள் பூமியைச் சுற்றியபின் வங்கக் கடலில் இறங்கி, திருவள்ளூர் மாவட்டத்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த எஸ்.ஆர்.இ. என்னும் இந்திய மீட்பு விண்கலம், சிலிக்கா ஓடுகளைப் போர்த்தியிருந்தது. அத்தகைய ஓட்டின்மேல், அதிவெப்பத்தால் பிரிந்த பிராணவாயு அணுக்கள் மோதி மீண்டும் இணையும்போது, மோலுக்குச் சுமார் 498 கிலோஜூல் சக்தி வெளிப்பட்டு, அதன் பெரும்பகுதி ஓட்டையே சுடுகிறது. இணைப்பைத் தூண்டும் இந்த சுபாவமே மேற்பரப்பு வினையூக்கம்; மோதும் அணுக்களில் இணைவன எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும் எண் காமா. அதை நேராகக் காட்டும் கருவி இல்லை. இரு வெப்பங்களை ஒப்பிட்டு அனுமானிக்க வேண்டும்.

முதலில் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் பிரியுமளவு காய்ச்சிய வாயு. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலையைப் பார்த்தவருக்கு இது புதிதன்று: அங்கே உலோகத்தைச் சூழ்ந்த சுருள், இங்கே குவார்ட்ஸ் குழாயைச் சூழ்ந்து காற்றையே காய்ச்சுகிறது. மின்வில் முறையில் மின்முனையின் உலோகம் ஆவியாகி ஓட்டில் படியும் அபாயம் இருப்பதால், சுருளே சிலாக்கியம். அறையின் அழுத்தத்தையும் பிட்டோ குழாயின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்க.

அடுத்து, ஓட்டுமாதிரியின் அதே வடிவமுள்ள, நீரால் குளிரூட்டப்பட்ட தாமிரக் கலோரிமீட்டரைப் பிரவாகத்தில் நிறுத்துக. நீரின் ஓட்டத்தையும் அதன் உஷ்ண உயர்வையும் கொண்டு வெப்பத்தைக் கணக்கிடலாம். தாமிரத்தைப் பூரண வினையூக்கியாக, அதாவது காமா ஒன்று என்று, கொள்வது சௌகரியமான தவறு. அதன்மேல் படரும் ஆக்ஸைடு அந்த மதிப்பைக் குறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாகத் துலக்கிய தாமிரத்தையே பயன்படுத்த வேண்டும்.

பின்பு தாமிரத்தை விலக்கி, அதே ஸ்தானத்தில் ஓட்டை நிறுத்துக. விரல் உப்புகூட மேற்பரப்பின் குணத்தை மாற்றலாமாகையால், வெறுங்கையால் தொடலாகாது. உஷ்ணம் நிலைத்தபின் பைரோமீட்டரால் அளந்து, ஜன்னல் கண்ணாடி விழுங்கும் ஒளிக்குத் திருத்தம் செய்க. 1500 கெல்வினும் 0.85 உமிழ்திறனும் உள்ள ஓடு, சதுர மீட்டருக்குச் சுமார் 244 கிலோவாட்டைக் கதிராக வெளியிடும். நான்காம் அடுக்கின் விதியாதலால், உஷ்ணத்தில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் வெப்பத்தில் நான்கு பிசகும். பின்புறம் கசியும் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்க.

தாமிரத்தின் வெப்பத்திலிருந்து பிரவாகத்தின் எந்தால்பியைக் கண்டு, எல்லைப்படலச் சமன்பாடுகளால் பல காமாக்களுக்குரிய வளைகோடுகளை வரைந்தால், ஓட்டின் புள்ளி எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுவே விடை. இறுதியில் தாமிரத்தை மீண்டும் நிறுத்தி அளக்க வேண்டும். தாமிரத்தில் முதலில் எடுத்த அளவோடு அது பொருந்தாவிடில், அன்றைய ஓட்டு அளவுகள் யாவற்றையும் தள்ளிவிட்டு மறுநாள் தொடங்க வேண்டியதுதான்.