உட்கார்ந்தால் வலியா? மறைக்காதீங்க!



அம்பத்தூர் குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்பவர். "உட்கார்ந்தா கீழ எரியுதுக்கா. நின்னா பரவாயில்லை. கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாகுமா?" என்று கேட்டார்.

அவசரப்படாதீங்க! பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிக்குச் செல்லும் 'புடெண்டல்' நரம்பு இடுப்புக்குள் நசுங்கினாலும் இப்படி வலிக்கும். அதற்குக் கர்ப்பப்பையை எடுப்பது தீர்வாகாது.

சிகிச்சை படிப்படியாகத்தான்:

1. மாத்திரை, பிசியோதெரபி. வேலைக்கு நடுவே அடிக்கடி எழுந்து நிற்க வேண்டும்.
2. நரம்பருகே மரத்துப்போகும் ஊசி. வலி அடங்கினால், காரணம் இந்த நரம்பாக இருக்கலாம் என்று தெரியும்.
3. நரம்பை விடுவிக்கும் ஆபரேஷன். 2005-ல் வெளியான பிரான்ஸ் நாட்டுச் சிறு ஆய்வில், ஓராண்டு கழித்து 10-க்கு 7 பேருக்குப் பலன் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை.
4. நரம்புத் தூண்டல். முதுகின் அடியில் மெல்லிய கம்பி வைத்து லேசான மின்சாரம் தருவார்கள். முதலில் சில நாள் சோதனை. வலி குறைந்தால் மட்டுமே கருவியை உள்ளே பொருத்துவார்கள்.

முதலில் பெண் மருத்துவரிடம் காட்டி, கிருமித்தொற்று, கட்டி இல்லை என்று உறுதி செய்யுங்கள். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் இன்னொரு முறை கேளுங்கள். சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, கால் மரத்தாலோ உடனே ஓடுங்கள்.

வெட்கப்பட்டு மறைத்தால் வலிதான் வளரும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோமா?