பட்டறைக்குச் செல்லும் முன்

மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டில். அந்த இடம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள தென்னமரம் தோட்டம். இன்று பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் வட்டாரங்களில் சாலையின் இருபுறமும் செம்பனை மரங்களைக் காணலாம்.

இளம் செம்பனை மரத்தின் குலையை நீண்ட பிடியுள்ள உளியால் வெட்டிவிடலாம். மரம் உயர்ந்த பிறகு உளி எட்டாது. அப்போது அலுமினியக் கோலின் நுனியில் வளைந்த அரிவாளைப் பொருத்தி, தரையில் நின்றபடியே குலையை அறுக்க வேண்டும். கோலையும் அரிவாளையும் இணைக்கும் பிடிப்பான் கைக்குள் அடங்கும் சிறிய பாகம்தான். ஆனால், அது தளர்ந்தால் கூரிய அரிவாள் அறுவடை செய்பவரின் தலைக்கு மேலிருந்து விழும். கருவி பழுதாகி வேலை நின்றால் அவரது வருமானமும் குறையும்.

இத்தகைய பிடிப்பானை மேம்படுத்தித் தயாரிக்க விரும்பும் தோட்டத்து இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் நினைக்கும் வடிவம் கடையில் கிடைக்காது. எனவே, கேட்ட அளவில் உலோகப் பாகங்களைச் செய்து தரும் ஒரு பட்டறையை அவர் நாட வேண்டும். அந்த முதல் சந்திப்புக்கு அவர் எப்படித் தயாராக வேண்டும்?

வேலையை விளக்குதல்

“ஐயா, இதைவிட நல்ல பிடிப்பான் ஒன்று வேண்டும்” என்று மட்டும் கேட்டால் தயாரிப்பாளருக்கு ஒன்றும் விளங்காது. நல்லது என்பது உறுதியா, எடைக் குறைவா, விலைக் குறைவா? மாறாக, “ஐயா, இது கோலின் நுனியில் அரிவாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ்நோக்கி வேகமாக இழுக்கும்போது நழுவக்கூடாது. அரிவாளைத் தீட்டுவதற்கு அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும். கோலைத் தூக்குபவருக்குப் பாரமாகவும் இருக்கக்கூடாது” என்று சொன்னால், பாகத்தின் வேலை அவருக்குத் தெளிவாகும். சில வேளைகளில், நாம் வரைந்து கொண்டுபோன வடிவத்தைவிட எளிய வடிவத்தை அவரே காட்டக்கூடும்.

பழைய பிடிப்பானையும் கோலின் ஒரு துண்டையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. எந்த இடம் தேய்ந்தது, எங்கே விரிசல் கண்டது என்பதை உடைந்த பாகமே காட்டிக் கொடுக்கும். அதை அன்றாடம் பயன்படுத்தும் அறுவடைத் தொழிலாளர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் கூறும் குறைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அளவும் அலகும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. பட்டறை வேலைக்கு இது மிகவும் பொருந்தும். அடிக்கோலால் ஒருமுறை அளந்தால் போதாது. வெர்னியர் அளவியைக் கொண்டு, ஒரே இடத்தைப் பலமுறை அளந்து பார்க்க வேண்டும். நாள்பட்ட கோல் நசுங்கியும் தேய்ந்தும் இருக்கலாம். ஆகவே, புதிய கோலையும் பழைய கோலையும் அளந்து இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எந்த அலகில் அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும். இரும்புக் கடையில் ‘அரை அங்குலக் குழாய்’ என்று கேட்டு வாங்கும் குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21.3 மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பதோ 12.7 மில்லிமீட்டர்தான். அரை அங்குலம் என்பது அந்தக் குழாயின் வணிகப் பெயரே தவிர, அளந்து பெற்ற அளவன்று. பெயரை அளவென்று எண்ணித் துளையிட்டால், செய்த பாகம் வீணாகும்.

அடுத்து, எவ்வளவு விலகலை ஏற்கலாம் என்பதைச் சொல்ல வேண்டும். கோலின் வெளிவிட்டம் 38 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளையும் சரியாக 38 மில்லிமீட்டர் இருந்தால் கோல் எளிதில் நுழையாது. 38.2 முதல் 38.5 வரை இருக்கலாம் என்று குறித்தால், கோலை நுழைத்துத் திருகாணியால் இறுக்கலாம். இந்த இடைவெளியை மேலும் சுருக்கச் சுருக்க வேலை நுட்பமாகும், செலவும் கூடும். ஆதலால், இணைப்பு இடத்தில் மட்டும் நுட்பமான அளவைக் கேட்டு, மற்ற பகுதிகளில் தளர்வாக விடுவதே சிக்கனமாகும்.

பொருந்தாத இணைப்பால் ஒரு நகரமே துன்புற்றதுண்டு. 1904ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. அண்டை நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால், அவற்றுள் பலவற்றின் குழாய் இணைப்புகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவில்லை. நகரத்துக்கு நகரம் இணைப்பின் அளவு வேறுபட்டிருந்ததே காரணம். அத்தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஆளும் வண்டியும் தண்ணீரும் இருந்தும், சிறிய இணைப்பின் அளவு ஒத்துப்போகாததால் உதவி முழுமையாகப் பயன்படவில்லை.

உலோகமும் சூழலும்

பாகம் எங்கே பயன்படப் போகிறது என்பதையும் தயாரிப்பாளருக்குச் சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர் கடலோர மாவட்டம்; உப்புக்காற்றும் மழையும் அங்கு உண்டு. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்ற உலோகமாயினும், உப்பு ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். இச்சூழலை முன்னரே அறிந்தால், இரண்டு உலோகங்களுக்கும் இடையில் நெகிழி வளையம் ஒன்றை வைக்கலாம் என்றோ வேறு உலோகத்தைப் பயன்படுத்தலாம் என்றோ தயாரிப்பாளர் ஆலோசனை கூற முடியும்.

எண்ணிக்கையும் செலவும்

முதலில் எத்தனை வேண்டும், பிறகு எத்தனை தேவைப்படலாம் என்ற இரண்டு எண்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். இயந்திரத்தை ஒரு பாகத்துக்காக ஆயத்தப்படுத்த 600 ரிங்கிட் ஆவதாகக் கொள்வோம். 10 பாகங்கள் செய்தால் ஒவ்வொன்றின்மீதும் 60 ரிங்கிட் ஏறும். 100 செய்தால் 6 ரிங்கிட்தான் ஏறும். விலை குறைகிறது என்பதற்காக முதலிலேயே 100 பாகங்களைச் செய்யச் சொல்வதும் அறிவுடைமையன்று. ஒரு மாதிரியைச் செய்து, தோட்டத்தில் பாதுகாப்பாகச் சோதித்துப் பார்த்த பிறகே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் சந்திப்பில் நாம் பேசுவதோடு கேட்கவும் வேண்டும். மாதிரி செய்ய எத்தனை நாளாகும்? குறைந்தது எத்தனை பாகங்களுக்கு ஆணை கொடுக்க வேண்டும்? செய்து முடித்த பாகங்களை எப்படிச் சோதிப்பீர்கள்? அளவு தவறினால் யார் பொறுப்பு? அச்சு செய்ய நாம் பணம் கொடுத்தால் அந்த அச்சு யாருக்குச் சொந்தம்? இவற்றுக்கான விடைகளை எழுத்தில் பெற்றுக்கொண்டால், பின்னாளில் மனக்கசப்பு ஏற்படாது.

எண்ணம் புதியதாக இருந்தால், வரைபடத்தைக் காட்டுவதற்கு முன்பே இரகசியக் காப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். புத்தாக்கங்களையும் தொழில்துறை வடிவமைப்புகளையும் பதிவு செய்யும் பணியை மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகம் மேற்கொள்கிறது.

தயாரிப்பாளர் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் அன்றே விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாத அளவை ஊகித்துச் சொல்வதைவிட, “ஐயா, அதை நான் அளந்து பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்” என்று கூறுவதே மேல். அப்படிச் சொல்பவரைத் திறமையற்றவர் என்று பட்டறைக்காரர் எண்ணமாட்டார். நம்பி வேலை செய்யலாம் என்றே எண்ணுவார்.

தோட்டக் கருவிகளில் புத்தாக்கம் செய்ய இன்றும் இடமுண்டு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ‘சந்தாஸ்’ என்னும் இயந்திர வெட்டுக்கருவியை உருவாக்கியது. மலாய் மொழியில் அச்சொல் கிளையை வெட்டுதலைக் குறிக்கும். கோலின் ஒரு முனையில் சிறிய இயந்திரமும் மறுமுனையில் அரிவாளோ உளியோ கொண்ட அக்கருவி, கையால் அறுப்பவரின் உழைப்பைக் குறைக்கும் நோக்கத்தில் பிறந்தது. அறுவடைக் கோலைப் பல ஆண்டுகள் கையில் ஏந்தியவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அந்தக் கருவியின் குறை எது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். அந்த அனுபவ அறிவை அளவாகவும் வரைபடமாகவும் தெளிவான சொற்களாகவும் மாற்றத் தெரிந்த இளைஞருக்குப் பட்டறையின் கதவு திறந்தே இருக்கும்.