காப்புப் பூ

மார்கழித் திங்களின் இறுதி நாள் போகி. அன்று மாலை கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றனுட் புகுவோர், வீடுதோறும் கூரை இறவாரத்தில் சிறு பூங்கொத்து ஒன்று செருகப்பட்டிருத்தலைக் காண்பர். வேப்பிலையும், பொன்னிறமான ஆவிரம்பூவும், வெண்பஞ்சு போன்ற பூளைப்பூவும் சேர்த்துக் கட்டியது அது. அதனைக் காப்பு என்பர். மாட்டுத் தொழுவத்திலும் விளைநிலத்திலும்கூட அது கட்டப்பெறும். சில ஊர்களில் மாவிலையும் தும்பையும் பிரண்டையும் உடன் சேர்வதுண்டு.

காப்புக் கட்டுமுன் இல்லம் தூய்மை பெறல் வேண்டும். சுவருக்கு வெள்ளையடித்தல், திண்ணை விளிம்பிற்குச் செங்காவி தீட்டுதல், வாயிலைச் சாணமிட்டு மெழுகுதல் ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். மாக்கோலத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். பச்சரிசியை ஊறவைத்து நைய அரைத்து, நீரிற் கரைத்து, சிறு துணியை அதில் நனைத்து, விரல்வழியே ஒழுகவிட்டு இழைப்பது அது. ஈரம் உலர உலர வெண்மை மிகும். எறும்பிற்கும் உணவாகும் என்று அதனைப் புகழ்வர். இக்காலத்துக் கல்மாவில் அப்பயன் இல்லை. ஆயினும், அரிசிமாவே தொன்றுதொட்ட வழக்கம் என்று வாதிட வேண்டா. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் மாசி முன்னாளில் நுண்மணல் கொண்டு தெருவை அணிசெய்தலைப் பாடுகின்றார்.

காப்பிற்கு வருவோம். அம்மூன்றனுள் பூளையே என் உள்ளங் கவர்ந்தது. அது முழங்கால் அளவே வளரும் எளிய செடி. உழாத தரிசிலும் வழியோரத்திலும் தானே முளைப்பது. தண்டு நெடுகக் கணுத்தோறும் வெண்கதிர் பூக்கும். சிறுநீர்க் கல்லடைப்பிற்கு அதனை மருந்தாகக் கொள்வர் சித்த மருத்துவர். விலையற்ற இப்பூவைப் புலவர்கள் இகழ்ந்திலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலர்களை நிரல்படக் கூறுமிடத்து, ஆவிரையும் பூளையும் அடுத்தடுத்த அடிகளிலேயே இடம்பெறுகின்றன.

இன்று நகரத்தார் காப்புப் பூவைச் சந்தையிற் கட்டாக வாங்குகின்றனர். அது குற்றமன்று; தரிசெல்லாம் மனைகளாயின், அவர்தாம் எங்குச் சென்று பறிப்பர்? எங்கள் இளமையில் அதனைப் பறித்து வருதல் சிறுவர் பணி. எனக்குப் பத்து வயது நிரம்பிய ஆண்டில், "கதிரை மட்டும் ஒடித்து வா, சாமி, வேரை அசைக்காதே" என்று சொல்லி என் பாட்டியார் என்னை ஏரிக்கரைக்கு அனுப்பினார். உடன் வந்த தோழர்களை விஞ்ச வேண்டும் என்னும் ஆசையால், ஒவ்வொன்றாய் ஒடிக்கப் பொறாது, செடிகளை வேரொடு பிடுங்கிச் சுமையாகக் கட்டினேன். மற்றவரும் அவ்வாறே செய்தனர். வீட்டிற்கு வேண்டியது ஒரு பிடி. எஞ்சியது வாடிக் குப்பையிற் சேர்ந்தது.

மறு ஆண்டு போகியன்று அக்கரை முழுதும் தேடினேன். பூளை ஒன்றேனும் கண்ணிற் படவில்லை. வெறுங்கையோடு திரும்பிய என்னைப் பாட்டியார் கடிந்திலர். வேம்பையும் ஆவிரையையும் மட்டும் சேர்த்துக் கட்டி இறவாரத்தில் செருகினார். வழிச்செல்வோர் அக்காப்பை நிமிர்ந்து நோக்கியபோதெல்லாம் நான் திண்ணையினின்று எழுந்து உள்ளே சென்றேன்.