அறுபதுக்குப் பின் உடையும் அணியும்: எதை, ஏன் தேர்ந்தெடுப்பது?

வயது கூடும்போது உடலில் நேரும் சில மாற்றங்கள் உடுத்துவதோடு நேரடியாகத் தொடர்புடையவை. தோல் மெலிந்து வறள்கிறது. தலைமுடி நரைக்கிறது. தோளும் விரல் மூட்டுகளும் முன்போல வளைந்து கொடுப்பதில்லை. சிலருக்கு முதுகு சற்றே கூனுகிறது. காது மடலின் துளை நீள்கிறது, பாதம் அகலமாகிறது. நல்ல உடை இந்த மாற்றங்களோடு இணங்கிப் போக வேண்டும். அதனால் எந்த உடையையும் அணியையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம்: முகத்தைத் துலக்கிக் காட்டுகிறதா? நாள் முழுதும் உடலை உறுத்தாமல் இருக்கிறதா? பிறர் உதவியின்றி உடுத்தவும் கழற்றவும் முடிகிறதா? மூன்றாவது கேள்வியைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை. முதுமையில் ஒருவரின் மதிப்பையும் தன்னம்பிக்கையையும் காப்பது பெரும்பாலும் அதுதான்.

நிறம்: வெளிரா, அழுத்தமா?

வயதானவர்களுக்கு வெளிர் நிறமே பொருத்தம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் கறுத்த முடி இருக்கும்வரை அந்த முடியே முகத்துக்கு ஒரு விளிம்பாக அமைகிறது. முடி வெளுத்தபின் சந்தன நிறமோ சாம்பல் நிறமோ உடுத்தினால், பலருக்கு முகமும் சேர்ந்து மங்கித் தெரியும். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கரும்பச்சை போன்ற நிறங்கள் நரைத்த தலைக்கு எடுப்பாக இருக்கும். வெளிர் நிறத்தை விரும்புவோர் அழுத்தமான கரை உள்ளதை எடுக்கலாம். முந்தானையின் கரை முகத்துக்கு அருகில் வருவதால் அதுவே போதும். கணவரை இழந்தவர் நிறத்தைத் துறக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டுக்கு இன்று எந்த நியாயமும் இல்லை. பிடித்த நிறத்தை உடுத்தும் உரிமை எந்த வயதிலும் அவருக்கு உண்டு.

நிறத்தைக் கடையின் குழல் விளக்கில் முடிவு செய்யக் கூடாது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்க வேண்டும். பார்வை முதலில் முகத்துக்குப் போனால் அந்த நிறம் பொருந்துகிறது. துணிக்குப் போனால் வேறு நிறம் பார்க்கலாம்.

புடவை: பருத்தி, பட்டு, செயற்கை இழை

அன்றாடத்துக்குப் பருத்திக்கு இணையில்லை. ஆனால் எல்லாப் பருத்தியும் ஒன்றல்ல. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி, கட்டங்களும் அகலக் கரையும் கொண்ட கெட்டி நெசவு. உடம்பில் நின்று பிடிக்கும், பல ஆண்டு உழைக்கும். மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கு நிறைவான தோற்றம் தரும். புதிதில் சற்று முரடாக இருக்கும், சில முறை துவைத்தபின் பதமாகும். மதுரைச் சுங்குடி இதைவிட மெல்லியது. முடிச்சுப் புள்ளிகளும் பளிச்சென்ற நிறங்களும் உள்ள இது கோடைக்கும் பயணத்துக்கும் ஏற்றது. பருத்தியும் பட்டும் கலந்த கோவை கோரா, இரண்டுக்கும் நடுவே நிற்பது. எடை குறைவு, மெல்லிய பளபளப்பு உண்டு. பட்டின் சுமை வேண்டாம் என்பவர் சிறு விசேஷங்களுக்கு இதைக் கட்டலாம்.

காஞ்சிபுரம் பட்டின் அழகும் எடையும் அதன் முறுக்கிய இழையிலிருந்தும் சரிகையிலிருந்தும் வருகின்றன. அகலச் சரிகைக் கரை உள்ள புடவையின் முந்தானை ஒரே தோளில் தொங்குவதால், கழுத்து வலி உள்ளவருக்கு ஒரு முகூர்த்தம் முடிவதற்குள் தோள் கடுக்கும். சிறு கரையும் உடல் முழுக்கச் சரிகை இல்லாத நெசவும் தேர்ந்தெடுத்தால் பட்டையும் விடாமல் சுமையையும் குறைக்கலாம். எடை குறைந்த மென்பட்டு இன்னொரு வழி. பாலியஸ்டர், ஜார்ஜெட் வகைகள் துவைக்கவும் காயப்போடவும் எளியவை. ஆனால் வியர்வையை உறிஞ்சாததால் மெலிந்த தோலில் அரிப்பு உண்டாக்கலாம். தோளிலிருந்து வழுக்கவும் செய்யும். அடுப்படியில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் புடவையானாலும் கொசுவம் தரையைத் தொடாமல் கணுக்காலோடு நிற்க வேண்டும். படியேறும்போது கால் சிக்கி விழும் ஆபத்து அதனால் குறையும். பாவாடை நாடாவை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தழும்பும் புண்ணும் வரலாம். மெல்லிய கயிறு நாடாவைவிட அகலப் பட்டி மேல். ரவிக்கைக்கு முன்பக்கக் கொக்கியே வசதி. தோள் இறுகியவரால் பின்பக்கக் கொக்கியை எட்ட முடியாது. முதுகு கூனியவருக்குப் பின்கழுத்தை ஆழமாக வெட்டினால் ரவிக்கை தோளைவிட்டு நழுவும். கழுத்தை உயர்த்தி, கையை முழங்கைவரை வைத்தால் பொருத்தமும் அழகும் சேரும். புடவை கட்டச் சிரமப்படுவோர் தளர்ந்த பருத்திச் சுடிதாருக்கு மாறலாம். அதிலும் துப்பட்டாவின் கரை முகத்துக்கு நிறம் சேர்க்கும்.

வேட்டி: நாலு முழமா, எட்டு முழமா?

நாலு முழம் இலேசானது, துவைக்க எளிது, வீட்டுக்கு உகந்தது. எட்டு முழம் இரண்டாக மடித்துக் கட்டுவது. உள்ளே தெரியாது, விழுவதும் நேர்த்தியாக இருக்கும். விழாவுக்கும் வெளியிடத்துக்கும் அதுவே கம்பீரம். ஆனால் கனம் கூடுதல், இடுப்பில் மடிப்பும் பெரிது. வயிறு சரிந்தவருக்கோ கை நடுங்குபவருக்கோ இரண்டுமே நழுவக்கூடும். அவர்களுக்கு இடுப்பில் ஒட்டும் பட்டையும் பையும் வைத்துத் தைத்த வேட்டி பெரும் நிம்மதி.

சட்டையின் அளவை ஆண்டுக்கொரு முறையாவது புதிதாக எடுக்க வேண்டும். தோள் ஒடுங்கியபின் பழைய சட்டையின் தோள் தையல் கைமேல் இறங்கி, ஆளை நோயாளிபோலக் காட்டும். முதுகு கூனியவருக்குச் சட்டையின் முன்பக்கம் தொங்கிப் பின்பக்கம் தூக்கும். பின்நீளத்தைச் சற்றுக் கூட்டும்படி தையற்காரரிடம் சொன்னால் சரியாகும்.

காது, கழுத்து, கை

கனத்த ஜிமிக்கியை ஆண்டுக்கணக்கில் போட்ட காதில் துளை கீற்றுபோல நீண்டிருக்கும். அந்தக் காதுக்கு ஏழு கல் தோடுபோல மடலோடு படிந்து துளையை மறைக்கும் வகை சிறந்தது. ஜிமிக்கியை விடமுடியாதவர் மாட்டல் சேர்த்துப் போட்டால், எடையின் ஒரு பங்கைத் தலைமுடி தாங்கும். அறுந்த மடலைச் சிறு அறுவைச் சிகிச்சையால் சேர்த்துத் தைக்கலாம். திருகாணி பத்திரமானது. விரல் மரத்தவருக்கு அதைத் திருகுவது கடினம் என்பதால், தலை பெரிதான திருகாணி வைத்துத் தரும்படி பொற்கொல்லரிடம் கேட்கலாம்.

மெல்லிய குட்டைச் சங்கிலி கழுத்தின் சுருக்கங்களுக்குள் மறையும். நெஞ்சுவரை இறங்கும் நடுத்தர நீளம் பார்வையைக் கீழே இழுத்து முகத்தை நீட்டிக் காட்டும். காலை நடைக்குத் தங்கச் சங்கிலியைவிட மணிமாலையோ மஞ்சள் சரடோ பாதுகாப்பு. கவரிங் நகைகளில் கலக்கும் நிக்கல் சிலருக்கு அரிப்பு தரும். ஒருமுறை அரித்த காதுக்குத் தங்கமோ வெள்ளியோ மட்டுமே போட வேண்டும்.

விரல் கணு பருத்தவருக்கு மோதிரம் கழலாமல் சிக்கிக்கொள்ளும். அவசரச் சிகிச்சையின்போது அறுத்தெடுக்க நேரும். முன்கூட்டியே பெரிதாக்கிக்கொள்வது நல்லது. முழு வளையலைவிடத் திறந்து மூடும் திருகு வளையல் ஏற்றது. கண்ணாடி வளையல், அணிந்தவர் கீழே விழும்போது உடைந்து தோலைக் கிழிக்கும். பழைய கனத்த நகையை மாற்றி இலேசானதை வாங்கும்போது 916 முத்திரையோடு 6 இலக்க அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் நகைகளுக்கு அது நடைமுறையில் உள்ளது.

மூக்குக்கண்ணாடியும் செருப்பும்

வெள்ளெழுத்து நாற்பதை ஒட்டித் தொடங்குகிறது. இரட்டைப் பார்வைக் கண்ணாடி விலை குறைவு. படி இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியே பார்க்க நேர்வதால் படி மங்கும். கோடில்லாத புரோகிரசிவ் கண்ணாடி தோற்றத்துக்கு நல்லது. விலை அதிகம், பழகச் சில நாள் ஆகும், ஓரப்பார்வையும் சற்றுக் குழையும். வெளியில் அதிகம் நடப்பவர் தூரப்பார்வைக்குத் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நரைத்த புருவத்துக்குக் கறுப்பு அல்லது பழுப்புச் சட்டம் எடுப்பு. கண்ணாடி வில்லையைவிடப் பிளாஸ்டிக் வில்லை மூக்கை அழுத்தாது.

செருப்பைப் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்க வேண்டும். ரப்பர் செருப்பு மாட்ட எளிது. ஆனால் குதிகாலைப் பிடிக்காது, ஈரத் தரையில் வழுக்கும். பின்வார் உள்ள, அடி சொரசொரப்பான, தட்டையான செருப்பே நடைக்கு ஏற்றது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு எம்சிஆர் எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

எதை முதலில் மாற்றுவது?

பணம் அளவாக இருந்தால் முதலில் செருப்பும் மூக்குக்கண்ணாடியும். இவை விழாமல் காக்கின்றன. அடுத்து ரவிக்கை, சட்டை அளவு. இதற்குத் தையல் கூலிதான் செலவு, தோற்றத்தில் வரும் மாற்றமோ பெரிது. அதன்பின் நல்ல நிறத்தில் இரண்டு பருத்திப் புடவையோ வேட்டியோ. நகை கடைசியில் வரலாம். பெட்டியில் உள்ளதை இலேசாக்கி, காதுக்கும் விரலுக்கும் பொருத்தி நாள்தோறும் அணிவது புதிது வாங்குவதைவிடப் பலன் தரும்.