தலைசுற்றலும் ஒற்றைத் தலைவலியும்

பழையசீவரம் போன்ற பாலாற்றங்கரை ஊர்களில் தலைசுற்றல் என்றாலே பித்தம் என்பர். அது அடிக்கடி வந்து, ஐந்து நிமிஷம் முதல் மூன்று நாள் வரை நீடித்து, வெளிச்சமும் ஓசையும் பொறுக்கவொட்டாமற் செய்யுமாயின், ஒற்றைத் தலைவலியைச் சார்ந்ததாக இருக்கலாம். தலைவலியின்றியே வருவதும் உண்டு.

சுற்றலைத் தணிக்கும் புரோக்ளோர்பெரசின், சின்னாரிசின் மாத்திரைகள் சில நாள்களுக்கே உரியவை. கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால், முதியோருக்குக் கைந்நடுக்கமும் நடைத்தளர்ச்சியும் உண்டாகலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனை அவசியம் எடுத்துரைக்க வேண்டும்.

மீண்டும் வராமல் தடுக்கும் மருந்து வேறு. புரோப்ரனலால் போன்றவற்றை டாக்டர் சொற்படி தினந்தோறும் உட்கொள்ள வேண்டும். பலன் தெரியச் சில வாரங்களாகும். பத்தாம் நாளே நிறுத்திவிட்டு மருந்தைக் குறைகூறுதல் முறையன்று. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் ஆகாது, முன்னரே தெரிவித்துவிடுக.

சுற்றல் தீரும்வரை கிணற்றில் இறங்குதலும் டிராக்டர் ஓட்டுதலும் கூடா. பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கத்துக் கைகால் சோர்ந்தாலோ, மாத்திரை தேடாமல் உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.